ஓணான் கையில் இருந்த வாளி

அய்யா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டாய். பொங்கலுக்கு வந்தபோது என் போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போன பஸ் விளையாட்டை விளையாடிப் பார்த்தேனா, எப்படி இருக்கிறது என்று. பெங்களூரில் நீ வேலை பார்க்கும் கம்பெனியில் உன் கைப்பட உருவான முதல் விளையாட்டு. பெற்றவள் நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லியிருக்க வேண்டும். நானோ நல்லாருக்குய்யா என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு, அடுப்பில் பால் பொங்குகிறது என்று போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை. உன்னிடம் விளையாட்டைப் பற்றிப் பேச வாயெடுத்தாலே நீ கல்லூரிக் காலத்தில் செய்த அந்த இன்னொரு விளையாட்டு நினைவுக்கு வந்துவிடுகிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொன்னால் பாதியில் அழுவேன், நீ பதறுவாய், சொல்ல வந்தது தப்பித்துக்கொள்ளும். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நாலு வருஷமாக நீ காளிராஜிடம் முகம் கொடுக்காமல் இருக்கிறாயே, அதற்குக் காரணமான தப்பை அவன் செய்யவில்லை. நான் செய்தேன். எப்படிச் செய்தேன் என்று முழுதாகச் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அதற்கு முன் நீ கேட்டதற்குப் பதில். உன் பஸ்ஸை நான் பஸ்ஸில் உட்கார்ந்துதான் ஓட்டினேன், சிவகாசியில் அச்சாபீஸ் விட்டு ஆமத்தூர் வருகிற வழியில். படம் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் உன் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் எல்லாரும் வரிசையாக நின்று ஏறுகிறார்கள். ஒருத்தர்கூட ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கவில்லை. எந்த ஊர் ஜனங்களப்பா இவர்கள்? இதற்கு முன்னால் என் பழைய போனில் இருந்த பாம்பு விளையாட்டுதான் இன்றைக்கும் எனக்குப் பிடித்தது. சத்தம் கிடையாது, கதை கிடையாது, தன் வாலைத் தானே கடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். எங்கள் பைண்டிங் பிரிவில் வேலை பார்க்கிற ஒருத்தி, குழந்தை சிரிக்கிற சத்தத்தை ரிங்டோனாக வைத்திருக்கிறாள். அவளுக்கு யாராவது மிஸ்டு கால் கொடுக்கும்போதெல்லாம் நாங்கள் தொட்டிலைத் தேடுகிறோம். டிவி சீரியல்காரர்கள் ஒரு வருஷத்தில் சொல்வதை உங்கள் ஆட்கள் ஒரு மணி நேர விளையாட்டில் சொல்லிவிடுகிறார்கள், அந்த வகையில் உங்களைப் பாராட்டலாம். பஸ் கவிழ்ந்ததும் மறுபடி ஆடலாமா என்று கேட்கிறதே, அது மட்டும் எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

உனக்கு விளையாட்டுப் பைத்தியம் பிடித்தது உன் அப்பாவால். பட்டாசு லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனவர் திரும்பி வரும்போது டிவியில் மாட்டி ஆடுகிற பெட்டி ஒன்றை வாங்கி வந்தார். மஞ்சள் நிறக் கேசட். அதன் மேல் ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் இருப்பதாகப் போட்டிருந்தது. நீ இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு, மொத்தம் இருப்பதே ஏழெட்டுதான், அதையே பெயரை மாற்றி மாற்றித் திரும்பப் போட்டிருக்கிறான் என்று அழுதாய். நான் சிரித்தேன். எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. எங்கள் அச்சாபீஸில் நாள் முழுக்க நடப்பதும் அதுதானே. ஒரே வெடி, ஒன்பது லேபிள். தீபாவளி முடிந்து கையோடு அடுத்த சீசனுக்கு லேபிள் வேலை தொடங்கிவிடும். அந்த வருஷம் எந்த நடிகர் ஓடுகிறார், எந்த நடிகை ஓய்ந்துவிட்டார், பிள்ளைகள் டிவியில் எந்தப் பொம்மையைப் பார்த்து வாயைப் பிளக்கிறார்கள் என்பதெல்லாம் சென்னைப் பத்திரிகைக்காரர்களுக்கு முன்னால் எங்களுக்குத் தெரியும். ஒரு நடிகரின் முகம் ராக்கெட்டிலிருந்து சாட்டைக்கு இறங்கினால் அவர் காலம் முடிந்தது என்று நாங்களே முடிவு கட்டிவிடுவோம். அந்த முகங்களுக்கெல்லாம் யாரிடம் கேட்டோம்? யாரிடமும் கேட்டதில்லை. படம் என்பது காற்று மாதிரி, கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று இருபது வருஷமாக நினைத்திருந்தேன். சமாதானத்துக்காக இதைச் சொல்லவில்லை. என் புத்தி அப்போது எந்தத் தடத்தில் ஓடியது என்று உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பிறகு இன்டர்நெட் வந்தது. காளிராஜின் மாமா சிவகாசியில் பிரவுசிங் சென்டர் வைத்தார், காளிராஜ் பள்ளிக்கூடம் முடித்த கையோடு அதில் உட்கார்ந்தான். அப்பா முகம் தெரியாமல் வளர்ந்தவன். அவன் அம்மா எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலைக்குப் போய், நீங்கள் இருவரும் பத்தாவது படிக்கும்போது அங்கே நடந்த விபத்தில் போய்ச் சேர்ந்தாள். அந்த வாரம் முழுக்க அவன் நம் வீட்டில்தான் சாப்பிட்டான். சாப்பிட்டான் என்று சொல்வதுகூடத் தப்பு, தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதற்கப்புறம் நீங்கள் இருவரும் ஒட்டிக்கொண்டீர்கள். கல்லூரி விட்டதும் நீ நேராக அந்த சென்டருக்குப் போய்விடுவாய். இன்டர்நெட் என்றால் கெட்ட படம் பார்க்கிற இடம் என்று ஊரே பேசியது, நானும் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றேன். நீங்கள் இரண்டு பேரும் ஒரு பெட்டி முன்னால் தலையை முட்டிக்கொண்டு, வரிவரியாக ஏதோ எழுத்துகளை அடித்துக்கொண்டிருந்தீர்கள். கெட்ட படமும் இல்லை, நல்ல படமும் இல்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது போ.

அங்கே பிறந்ததுதான் உன் ஓணான். மஞ்சள் தொப்பி, முட்டைக் கண், கையில் சிவப்பு வாளி. கருவேலங்காட்டில் தாவித் தாவி ஓடுகிறது என்றே நான் நினைத்திருந்தேன். ஓணான் தீயணைக்கிற கேம் என்று நீ சொன்னாய், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். முடித்த அன்று என்னை சென்டருக்குக் கூப்பிட்டாய், ஒரே ஒரு தடவை உட்கார்ந்து ஆடிப் பாரும்மா என்று கெஞ்சினாய். எனக்குப் பிழை பார்க்க வேண்டிய காலண்டர் புரூஃப் குவிந்து கிடந்தது. அப்புறம் பார்க்கலாம் போ என்றேன். அந்த அப்புறம் வரவே இல்லை. அன்று நான் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தால் மற்றது எதுவும் நடந்திருக்காது என்று இப்போது தெரிகிறது.

அந்த மாசிக் கடைசியில் எங்கள் டிசைனர் அண்ணாச்சி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெரிய ஆர்டர், வெடி லேபிளுக்குப் புதிய பொம்மைப் படம் ஒன்று வேண்டும், கொண்டுபோன எதுவும் கம்பெனிக்காரருக்குப் பிடிக்கவில்லை. என் மகன் ஒரு ஓணான் வரைந்திருக்கிறானே என்று நான்தான் வாயைத் திறந்தேன். மதிய இடைவேளையில் காளிராஜிடம் போய், நீ அந்தப் படத்தை வாங்கிவரச் சொன்னதாகப் பொய் சொன்னேன். அவன் ஒரு கேள்வி கேட்கவில்லை. சிடியில் எழுதி, உறையில் போட்டு, மேலே உன் பெயரையும் எழுதிக் கொடுத்தான். அண்ணாச்சி பார்த்துவிட்டுத் துள்ளினார். சாயங்காலத்துக்குள் ஓணான் லேபிளில் ஏறிவிட்டது. ஆனால் கையில் வாளி இல்லை. வாளியை அழித்துவிட்டுத் திரி எரிகிற பெரிய வெடி ஒன்றைக் கொடுத்திருந்தார். எதற்கு மாற்றினீர்கள் என்று கேட்டதற்கு, "வெடி டப்பாவுல வாளி எதுக்குக்கா? அதப் பாத்தா வாங்குறவன் பயந்துருவான்" என்றார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. எழுத்துப்பிழை பார்த்தேன், எச்சரிக்கை வாசகம் சரியாக இருக்கிறதா பார்த்தேன், சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் மகன் வரைந்தது லட்சக்கணக்கான வீட்டுக்குப் போகப் போகிறது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு லேபிளைத் தனியாக எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு வந்தேன், உன்னிடம் காட்டி அசத்த வேண்டும் என்று.

காட்டியிருப்பேன். ஆனால் அன்று நீ வீட்டுக்குள் நுழையும்போதே கொதித்துக்கொண்டு வந்தாய். கூடப் படிக்கிறவன் எவனோ உன் பிராஜெக்டை எடுத்துத் தன் பெயரில் காட்டிவிட்டானாம். மற்றவன் மூளையில் விளைந்ததைக் கேட்காமல் எடுக்கிறவன் மனுசனே கிடையாது என்று கத்தினாய். லேபிளை அரிசிப் பானைக்கு அடியில் வைத்துவிட்டு உனக்குச் சோறு போட்டேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளை என்பது தீபாவளிவரை நீண்டது. சரக்கு பெரும்பாலும் வடக்கேதான் போகும், உன் கண்ணில் படாது என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டேன்.

தீபாவளி கழிந்த மாதத்தில் சென்னையில் ஒரு கேம் கம்பெனி இன்டர்வியூ. நீ ஓணானை எடுத்துக்கொண்டு போனாய். அங்கே இருந்தவர் அதைப் பார்த்ததும் சிரித்துவிட்டார் என்றும், இந்த வெடியைத்தான் என் பிள்ளைகள் போன மாதம் வெடித்தார்கள், டப்பாவிலிருந்து எடுத்து வெடிக்குப் பதில் வாளியைக் கொடுத்திருக்கிறாயே, சொந்தமாக எதுவும் இல்லையா என்று கேட்டார் என்றும் நீ பிறகு அப்பாவிடம் சொன்னாய். என்னிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, வழியில் கடை கடையாகத் தேடி வாங்கிய காலி டப்பாவை மேஜையில் வைத்தாய். இன்டர்வியூ என்னாச்சு என்று கேட்க அன்று சாயங்காலமே காளிராஜ் வந்தான், கையில் சாத்தூர் காராச்சேவுப் பொட்டலத்தோடு. நீ டப்பாவை அவன் முன்னால் நகர்த்தினாய்.

"ஏலே, இது உன்கிட்டயும் என்கிட்டயும் தவிர வேற யாருகிட்ட இருந்துச்சு?" என்று கேட்டாய்.

அவன் டப்பாவைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். நான் தோசைக் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன். நான் சொல்லிவிடுவேன் என்று எதிர்பார்த்தான் போல, அவ்வளவு நேரம் பார்த்தான். கல்லில் தோசை கருகுகிற வாடை வந்தது, அதைக்கூட எடுக்கவில்லை. பிறகு அவன் உன் பக்கம் திரும்பி, "நான்தாம்லே குடுத்தேன்" என்றான். யாருக்கு என்று நீ கேட்கவில்லை. எழுந்து கதவைத் திறந்துவிட்டாய். அவன் பொட்டலத்தை மேஜையில் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை எழுத வேண்டாம் என்றுதான் கை சொல்கிறது. அந்த வேலை உனக்குக் கிடைக்கவில்லை என்று தெரிந்தபோது, உன் முகத்தைப் பார்த்து வயிறு எரிந்தது நிஜம். அதே வயிற்றுக்குள் ஒரு ஓரத்தில், பிள்ளை எங்கேயும் போகமாட்டான், இங்கேயே இருப்பான் என்று ஒரு சந்தோஷமும் இருந்தது. எங்கள் அச்சாபீஸிலேயே கம்ப்யூட்டர் பிரிவில் உன்னைச் சேர்த்துவிட்டேன். இரண்டு வருஷம் நீ கடவுள் படத்துக்குப் பின்னால் ஒளிவட்டம் போட்டுக்கொண்டிருந்தாய். மதியம் நாம் இருவரும் ஒரே டிபன் கேரியரில் சாப்பிட்டோம். எனக்கு அது இனித்தது. நீ பேச்சைக் குறைத்துக்கொண்டே போனாய். கூட வைத்துக்கொள்வதும் நன்றாக வைத்துக்கொள்வதும் ஒன்றில்லை என்று எனக்குத் தெரிய இரண்டு வருஷம் ஆனது. பெங்களூர் வேலை வந்தபோது நான் மறு பேச்சுப் பேசாமல் பெட்டி கட்டினேனே, அது என் பெருந்தன்மை இல்லை. குற்ற உணர்ச்சி.

அப்போதும் காளிராஜைப் பற்றிச் சொல்லவில்லை. நீ கிளம்பிய சந்தோஷத்தில் நீயாகவே அவனை மறந்துவிடுவாய், அவனும் மறந்துவிடுவான் என்று நினைத்தேன். போன புதன்கிழமை என் மேஜைக்குப் புரூஃப் பார்க்க ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. மணமகன் காளிராஜ். அச்சங்குளத்துப் பெண். மேலிருந்து ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்துக்கொண்டே வந்தேன். கடைசியில் நண்பர்கள் என்று போட்டு ஒரு பட்டியல். அதில் முதல் பெயர் உன்னுடையது. இனிஷியலோடு, படிப்போடு, பெங்களூர் என்று ஊரோடு. நாலு வருஷமாக எதிரே வந்தால் தெருவை மாற்றிக்கொள்கிற ஒருவனுடைய பெயரை அவன் முதலில் போட்டிருக்கிறான். பிழை இருந்தால் திருத்துவது என் வேலை. அந்தப் பத்திரிகையில் திருத்த ஒன்றும் இல்லை. அரை நாள் லீவு சொல்லிவிட்டு நேராக சென்டருக்குப் போனேன்.

இப்போது அங்கே கூட்டம் கிடையாது. பரீட்சை ரிசல்ட்டும் ரயில் டிக்கெட்டும்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து, வாங்கம்மா, உக்காருங்க, சாப்பிட்டீகளா என்றான், நேற்றுத்தான் பார்த்த மாதிரி. நான் மன்னிப்புக் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று நினைவில்லை, ஒழுங்காகக் கேட்டிருக்க மாட்டேன். ஏன்யா அன்னைக்கு என்னைக் காட்டிக்கொடுக்கலை என்று கேட்டேன்.

"எனக்குத்தான் அம்மா இல்லாமப் போச்சு, அவனுக்கு நீங்க இருக்கீகள்ல. அவன் உங்ககூடப் பேசாம இருந்தா அத நான் எப்பிடிம்மா பாக்க?" என்றான்.

பிறகு, நீங்க இத ஆடுனதே இல்லைல்ல என்று கேட்டு, மூலையில் இருந்த பழைய பெட்டியைப் போட்டான். உன் விளையாட்டை அவன் அழிக்கவில்லை. ஓணான் வந்தது, கையில் வாளியோடு. அப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறேன், அது ஓடுவது காட்டுக்குள் இல்லை, பட்டாசுக் கம்பெனிக்குள். தனித்தனி ஷெட், ஷெட்டுக்கு நாலு பேர், மேலே ஒரு திரி எரிந்துகொண்டே போகிறது. திரி முடிவதற்குள் வாளித் தண்ணீரை ஊற்றி எல்லாரையும் வெளியே கொண்டுவர வேண்டும். எனக்கு விரல் ஓடவில்லை. ஓணான் சுவரில் முட்டிக்கொண்டே இருந்தது. இரண்டு ஷெட் கண்ணெதிரே எரிந்துபோனது. மூன்றாவது ஷெட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது திரி எப்போதோ தீர்ந்துவிட்டது. ஆனாலும் கதவு திறந்தது. பச்சைச் சேலை கட்டிய ஒருத்தி, கூட மூன்று பேரோடு, நிதானமாக நடந்து வெளியே வந்தாள். நான் காளிராஜைப் பார்த்தேன்.

"எங்கம்மா. அந்த ஷெட்டு மட்டும் எரியாதும்மா. எம்புட்டு நேரங்கழிச்சுப் போனாலும் வெளிய வந்துருவாக. அவன் அப்பிடித்தான் எழுதி வச்சிருக்கான்."

அய்யா, நீ இதைச் செய்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. உன் நெஞ்சில் இப்படி ஒரு ஈரம் இருந்ததையும் பார்க்காமல், அந்த வாளியைப் பிடுங்கிவிட்டு வெடியைக் கொடுத்ததற்குச் சரி என்று கையெழுத்துப் போட்டவள் நான். அந்த டப்பாவை அன்று மேஜையில் பார்த்தபோது காளிராஜுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இந்த ஒரு வாரமாக நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். விளையாட்டைப் பற்றியும் இன்டர்நெட்டைப் பற்றியும் உன்னிடம் எத்தனையோ தடவை கேலி பேசியிருக்கிறேன், பொழுதைக் கொல்கிற வேலை என்று ஏசியிருக்கிறேன். அதையெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். உன் பஸ் விளையாட்டு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஓணானுக்குப் பக்கத்தில் வைத்தால் உறை போடக்கூடக் காணாது. இனி எது செய்தாலும் அந்த மூன்றாவது ஷெட்டைச் செய்த மனசோடு செய்.

நான் கிளம்பும்போது காளிராஜ் ஒன்று கேட்டான். மாப்பிள்ளை அழைப்புக்கு முன்னால் அவன் தாய் தகப்பன் காலில் விழுந்து ஆசி வாங்க வேண்டுமாம், அந்த இடத்தில் நானும் உன் அப்பாவும் நிற்க வேண்டுமாம். அவன் மாமாவும் சம்மதித்துவிட்டாராம். முதலில் என் மகனுக்கு எல்லாம் தெரிய வேண்டும் என்றேன். கல்யாணம் முடியட்டும்மா, இப்ப எழுதாதீக என்றான். இன்னொரு தடவை அவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள எனக்கு மனசில்லை, அதனால் எழுதிவிட்டேன். பத்திரிகையும் இதோடு இருக்கிறது. நான் அங்கே நிற்கத் தகுந்தவளா என்று நீ சொல். நீ வேண்டாம் என்றால் பந்தியில் ஒரு ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். வருத்தமாக இருக்கும், ஆனால் நியாயம் என்று ஒத்துக்கொள்வேன்.

என் மேல் உனக்கு வரப்போகும் கோபத்தை நீ எத்தனை நாள் வேண்டுமானாலும் வைத்துக்கொள், நான் எங்கேயும் போகப்போவதில்லை. அவனை மட்டும் இன்னும் ஒரு நாள்கூடக் காக்கவைக்காதே. அன்று யாருக்குக் கொடுத்தாய் என்று ஒரு வார்த்தை கேட்காமல் நீயும் கதவைத் திறந்துவிட்டாய் அல்லவா? நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். நீ கேட்க வேண்டியது உனக்காகக் கிடக்கிறது.

அம்மா